சிலைமான் முதல் சிலைமான் வரை

ஓடுகிற பஸ்ஸில் ஏறாதே என்று இருபத்தொரு வருஷம் கத்திய வாய் இது. படியில் தொங்கியவர்களை எல்லாம் காதைத் திருகி உள்ளே தள்ளியிருக்கிறேன். இப்போது அதே வாயால், "ஓடும்போதே தாண்டுங்க, நிக்காது, நிக்காது!" என்று தினமும் நாற்பது தடவை கத்துகிறேன். காலம் செய்கிற கூத்துக்கு நான் என்ன செய்ய?

என் பெயர் ஒச்சம்மாள். மதுரைக்காரி. நில்லாத் தடத்தில் கண்டக்டர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைகைக் கரையோரம் விரகனூரிலிருந்து பரவை வரை, இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர் எழுப்பி, பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒரு சாலை. அதில் மூன்று பெட்டி கோத்த நீளமான பஸ்கள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருக்கும். எங்கேயும் நிற்காது. கடைசி முனையில்கூட வளைந்து திரும்புமே தவிர நிற்காது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பெருசு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற சின்ன பஸ்ஸுக்குச் சிறுசு. சிறுசு தடத்துக்குள் நுழைந்து பெருசின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அதே வேகத்தில் நாற்பது நொடி கூடவே ஓடும். இரண்டுக்கும் நடுவே கதவு திறக்கும். ஜனங்கள் இதிலிருந்து அதற்குத் தாண்ட வேண்டும். இறங்குவதும் இப்படித்தான், பெருசிலிருந்து வேறொரு சிறுசுக்கு. இரண்டிலும் ஓட்டுநர் கிடையாது, எல்லாம் யந்திரம் பார்த்துக்கொள்ளும். சிறுசில் மட்டும் ஒரு கண்டக்டர். நம் ஜனங்களை அதட்டுகிற வித்தை யந்திரத்துக்கு இன்னும் வரவில்லை.

முதல் நாள் அந்தக் கதவு திறந்தபோது நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிரே இன்னொரு பஸ், அதற்குள் ஆட்கள், வெளியே சுவர் பறக்கிறது, ஆனால் காலுக்குக் கீழே தரை அசையவே இல்லை! "ஆத்தாடி ஆத்தா!" என்று கூவிக்கொண்டு தாண்டினார்கள். தாண்டியவர்கள் கை தட்டினார்கள். சிலைமானிலிருந்து சிம்மக்கல் போக முன்பு ஒரு மணி நேரம், சித்திரைத் திருவிழா சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். இப்போது இருபத்தைந்து நிமிஷம். எனக்கு அந்தத் தடத்தின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது பரீட்சை நாளில் நடந்த கதை.

தடத்துக்கு ஒரு வருஷம்தான் சோதனை அனுமதி. அந்த வருஷம் முடிகிற அன்று, பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு கூடும். தடம் வேகமாக ஓடுகிறதா என்று அவர்கள் கேட்கப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். மொத்த ஊருக்கும் பயணம் சுலபமாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் சிறுசுகளுக்காக ஊரில் ஓடிய பழைய டவுன் பஸ்களை எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. முன்பு ஒரு ஆள் ஒரு பயணத்துக்குச் சராசரியாக ஐம்பத்தெட்டு நிமிஷம் செலவழித்தான். அது முப்பத்தொன்றுக்குள் வந்திருந்தால் தடம் நிரந்தரம். வராவிட்டால் சுவரை இடித்துப் பழையபடி பொதுச் சாலை.

அன்று காலை என் சிறுசில் ஹெப்சிபா மேடம் ஏறினார். நாகர்கோவில் பெண், முப்பத்தொரு வயது, தடத்தின் தலைமைப் பொறியாளர். கையில் பலகை மாதிரி ஒரு கணினி. முகமெல்லாம் பல்.

"முப்பது புள்ளி ஆறுக்கா! பாஸாயிட்டோம் பாத்துக்கிடுங்க! பத்து மணிக்குள்ள இனி ஒண்ணும் ஏறாது!"

"அப்ப அல்வா எங்கே?" என்றேன்.

"பத்து மணிக்கு மேல பெட்டி பெட்டியா வாங்கித் தாரேன்."

மணி எட்டு நாற்பது. சிலைமான் நிறுத்தத்தில் கடைசியாக ஏறிய ஆளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெய்லானி. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சின்ன வயசில் லாரி ஏறிய இடது காலில் இரும்புப் பட்டை போட்டிருப்பான். பழைய டவுன் பஸ்ஸில் ஆறு வருஷம் என் பயணி. பத்து மாசமாக ஆளையே காணோம்.

"என்ன மாஸ்டரே, அத்தி பூத்தாப்புல?"

"ஒம்போதரைக்குள்ள டேபிள்ல நிக்கணும்க்கா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன். முதலாளி நேத்துப் போன் போட்டாரு. இன்னைக்கு வந்தா டேபிள் உனக்கு, வரலைன்னா வேற மாஸ்டரை நிறுத்திருவேன்னுட்டாரு." தோளில் தொங்கிய கனத்த பையைத் தட்டிக் காட்டினான். "கத்திரியெல்லாம் சாணை பிடிச்சு எடுத்தாந்துட்டேன். பத்து மாசமா வீட்டுல உக்காந்து பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக் குடுக்குறேன். போதும்க்கா, அலுத்துப் போச்சு."

சிறுசில் ஏறும்போதே கேமரா ஆளை அளந்துவிடும். இவர் தாண்ட எத்தனை நொடி ஆகும் என்று இருக்கைக்கு மேல் ஒரு எண் எரியும். வரம்புக்குள் என்றால் பச்சை. மேலே போனால் சிவப்பு. சிவப்புக்காரர் வந்தால் நடுக்கதவின் தடுப்பு திறக்காது. பெருசு விலகிப் போனபின் அதே சிறுசில் அவரைக் கொண்டுவந்து ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். தடம் திறந்தபோது வரம்பு பத்து நொடி. இரண்டே மாசத்தில் எட்டு. இப்போது ஆறு.

ஜெய்லானியின் தலைக்கு மேல் எட்டு புள்ளி நாலு எரிந்தது. சிவப்பு.

அவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லாம் நல்ல மனுஷர்கள்தான். முன்பெல்லாம் நிற்கிறவர் பையைக் கேட்காமலே மடியில் வாங்கி வைத்துக்கொண்டவர்கள், யார் பெற்ற பிள்ளையையோ இறங்குகிற வரை கொஞ்சிக்கொண்டு வந்தவர்கள். ஆனால் இந்த வண்டியில் "உங்கள் உடைமை உங்கள் பொறுப்பு, பிறரைத் தொடாதீர்கள்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு எண்ணைத் தலைக்கு மேல் தொங்கவிட்டபின் அவரவர் நொடி அவரவருக்கு வெல்லக்கட்டி ஆகிவிட்டது.

"சரி, சீட்டைக் குடுங்கக்கா" என்றான் ஜெய்லானி. "முதலாளிட்டக் காட்டணும்ல, நான் வந்தேன், வண்டிதான் ஏத்தலைன்னு."

வழக்கம்போல் சீட்டு அடித்துக் கொடுத்தேன். சிலைமான் முதல் சிலைமான் வரை. கட்டணம் பூஜ்யம்.

ஹெப்சிபா எட்டிப் பார்த்தார். "என்னக்கா சீட்டு இது?"

"சிவப்புக்காரவுகளுக்குக் குடுக்குறது மேடம். சிம்மக்கல்லுன்னு அடிச்சா மெஷின் ஏத்துக்கிறதில்ல. சீட்டில்லாம ஒரு ஆள் வண்டியில இருந்தா, செக்கிங் வந்தா எனக்கு மெமோ. அவுகளுக்கும் வேலையில காட்ட ஒரு அத்தாட்சி வேணும். அதான், ஏறின எடத்துலருந்து ஏறின எடத்துக்கே ஒண்ணு."

"யாரு சொல்லித் தந்தா?"

"இதை யாராச்சும் சொல்லித் தரணுமா? கண்டக்டருன்னா வந்த ஆளுக்குச் சீட்டு குடுக்கணும்ல."

"மத்தவங்களும் இப்படித்தான் குடுக்காங்களா?"

முனிச்சாலை சிறுசில் இருந்த ஜோதிமுத்துவைப் போனில் கூப்பிட்டேன். "ஆமா மதினி, நடைக்கு ஏழெட்டு அடிக்கிறேன். ஏன், எதுவும் தப்பா?" என்றாள். அனுப்பானடி, அவனியாபுரம், கோச்சடை, எங்கே கேட்டாலும் அதே பதில். முந்நூறு கண்டக்டர்கள், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே, ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம்.

ஹெப்சிபா தன் பலகையில் எதையோ தேடினார். பிறகு அப்படியே இருக்கையில் சாய்ந்துவிட்டார்.

"ஏம்மா, என்னாச்சு?" மேடம் எல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது.

"நாலுல ஒரு சீட்டு இந்தப் பூஜ்யம்க்கா. மெஷினுக்கு இது என்னன்னு தெரியல. ஒரு ஆள் சிலைமான்ல புறப்பட்டு சிலைமான்ல சேந்துட்டாரு, ஆன நேரம் பூஜ்யம். இதை விட நல்ல பயணம் உலகத்துலயே கிடையாதுன்னு அது நினைச்சிருக்கு."

"நெனச்சா?"

"ஊரோட சராசரியைக் குறைன்னு மட்டும்தான் நாங்க அதுகிட்ட சொன்னது. எப்படிக் குறைக்கணும்னு அதுவே கத்துக்கிடும். பூஜ்யம் கூடக் கூடச் சராசரி இறங்குது. அப்போ என்ன செய்யும்? வரம்பை இறக்கிச்சு. பத்து, எட்டு, ஆறு. நாங்க மெச்சினோம்."

மடியில் கைக்குழந்தையோடு சிவப்பு எண்ணின் கீழ் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி முன் இருக்கையிலிருந்து திரும்பினாள். "நான் புகார் எழுதிப் போட்டேன். 'தங்கள் பயணம் வெற்றிகரமாக நிறைவடைந்தது'ன்னு பதில் வந்துச்சு. என்னைத்தான் கிறுக்கச்சின்னு நெனச்சேன்."

பாவம் பார்த்துக் கொடுத்த சீட்டு. அந்தச் சீட்டால்தான் இவன் பத்து மாசம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். யந்திரத்தைத் திட்டலாம் என்றால் அதன் வாயில் சோற்றை ஊட்டியது என் கை. என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"பூஜ்யத்தை எல்லாம் எடுத்துட்டா எவ்வளவும்மா வரும்?"

"நாப்பத்தொண்ணு."

"அம்பத்தெட்டுக்கு நாப்பத்தொண்ணு நல்லதுதானே?"

"முப்பத்தொண்ணு தாண்டினா இடிச்சிருவாங்கக்கா. மூணு வருஷம் இதுதான் எனக்குச் சோறும் தூக்கமும். எடுத்துச் சொன்னா தடம் போச்சு. சொல்லாம விட்டா அடுத்த மாசம் வரம்பு அஞ்சுக்கு இறங்கும், அப்புறம் நாலு..."

"மேடம், அது பெரிய விஷயம், நிதானமா யோசிங்க" என்று இடையில் புகுந்தான் ஜெய்லானி. "எனக்கு ஒம்போதரை. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க முதல்ல."

வெளியே விரகனூர் தாண்டி சிறுசு தடத்துக்குள் நுழைந்தது. பின்னாலிருந்து பெருசு வருவது தெரிந்தது. பக்கவாட்டில் வந்து, ஒட்டி, இரண்டும் ஒன்றாக ஓடத் தொடங்கின. கதவு திறந்தது. மேலே கடிகாரம் நாற்பதிலிருந்து இறங்க ஆரம்பித்தது.

நடுக்கதவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி ஒன்று உண்டு. தீ, விபத்து என்றால் மட்டும் இழுக்க வேண்டும். இழுத்தால் தடுப்பு விழுந்துவிடும், கதவில் ஆள் இருக்கும்வரை இரண்டு வண்டியும் பிரியாது. காரணம் இல்லாமல் தொட்டால் சஸ்பெண்ட். இருபத்தொரு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள் நான்.

இழுத்தேன்.

சைரன் அலறியது. எல்லாரும் மரம் மாதிரி நின்றார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"என்னத்த வேடிக்கை பாக்குறீங்க? அவரு பையை வாங்கி அங்கிட்டுக் குடுங்கய்யா! கையைக் குடுங்க! ஏன், கையில என்ன சுளுக்கா?"

பெருசில் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு தாட்டியான அம்மா சட்டென்று எழுந்தாள். "இங்கிட்டு நீட்டுங்கண்ணே பையை!" என்றாள். கத்திரிப் பை ஒரு கை, இரண்டு கை, மூன்று கை மாறி, யார் மடியிலோ போய் உட்கார்ந்தது. அந்த ஒரு பை போனதும் யாருக்கு என்ன தோன்றியதோ, எல்லாப் பையும் கிளம்பிவிட்டது! சாப்பாட்டுக் கூடை, கல்லூரிப் பை, ஒரு வெங்காய மூட்டை, ஒரு தையல் மிஷினின் தலை, கடைசியில் புகார் எழுதிய பெண்ணின் கைக்குழந்தை. குரல் "பிறரைத் தொடாதீர்கள், பிறரைத் தொடாதீர்கள்" என்று கதறிக்கொண்டே இருந்தது. "நீ சும்மா கெட" என்றார் ஒரு பெரியவர். அங்கிருந்து பத்து கை நீண்டது. ஜெய்லானியின் அக்குளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், பின்னாலிருந்து நான். "ஏலேலோ" என்று யாரோ ஒருவன் ராகம் வேறு போட்டான். இரும்புப் பட்டை கதவு விளிம்பில் ணங் என்று இடித்தது, அடுத்த நொடி அவன் அந்தப் பக்கம்!

விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தது. அவன் பின்னாலேயே என் வண்டியில் இருந்த அத்தனை பேரும், அத்தனை சிவப்பும், கை பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். ஹெப்சிபா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"இருபத்தினாலு" என்றார்.

"என்ன இருபத்தினாலு?"

"இருபத்தினாலு நொடியில மொத்த வண்டியும் காலிக்கா! நல்ல காலு உள்ளவங்க மட்டும் தாண்டும்போதே முப்பத்தேழு ஆகும். பையைத் தூக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு..." முடிக்காமல் அவரும் தாவிப் பெருசுக்குள் போனார். கதவு மூடியது.

என் சிறுசு காலியாகத் திரும்பியது. ஒரு சிவப்புகூடத் திரும்பாத நடை அந்த வருஷத்தில் அதுதான். சஸ்பெண்ட் ஆகப்போகிறோம் என்ற நினைப்பு வந்தது, ஆனாலும் உதடு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது இருபத்தாறுக்குப் போன் அடித்தது. எடுத்தால் ஜெய்லானி கத்துகிறான். "அக்கா! டேபிள்ல நிக்கிறேன்க்கா! சிம்மக்கல்லுல எறங்குற எடத்துல கைப்பிடியை மேடமே இழுத்தாங்க. ஆனா யாரும் எதுவும் சொல்லல பாத்துக்கங்க, அவுகளாவே கையை நீட்டுறாக! முதலாளி கடிகாரத்தைப் பாத்துட்டு, என்னடா பறந்து வந்தியான்னாரு. முன்னூறு நிக்கர் வெட்டணும்க்கா இன்னைக்கு, முன்னூறு!"

"வெட்டுடா தம்பி, வெட்டு!" என்று நானும் நடுரோட்டில் கத்தினேன்.

பத்து மணிக்கு ஹெப்சிபா குழுவின் முன்னால் போய் நின்று, பூஜ்யச் சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு நாற்பத்தொன்று என்று சொன்னார். தோல்வி என்றார்கள். பிறகு அந்த இருபத்தினாலு நொடியைச் சொன்னார். காரணம் கேட்டதற்குத் தெரியாது என்றார். தெரிந்துகொள்ள ஒரு மாசம் தாருங்கள் என்று கேட்டார். தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த ஒரு மாசத்தைக் கொடுத்தார்களாம். எனக்கு மெமோவும் அன்றே வந்தது. சஸ்பெண்ட் இல்லை. எச்சரிக்கை.

அந்த மாசம் எல்லா வண்டியிலும் தடுப்பைக் கழற்றினார்கள். குரலை அணைத்தார்கள். ஏறிய இடத்திலேயே இறங்கினால் அது பயணம் ஆகாது என்று யந்திரத்துக்குச் சொன்னார்கள். மற்றதை நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ஒட்டி ஓடுகிற நேரம் குறைந்ததும் அதே தடத்தில் இன்னும் நிறைய சிறுசுகள் ஓட முடிந்தது, நிறுத்தத்தில் காத்திருக்கிற நேரம் பாதியானது. மாசக் கடைசியில் சிவப்புக்காரர்களையும் சேர்த்துக் கணக்கு இருபத்தொன்பது புள்ளி எட்டு. சுவர் பிழைத்தது. அல்வாவும் வந்தது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஒரு நாள் ஜெய்லானி என்னிடம் சண்டைக்கே வந்தான்.

"உங்க மெஷினுக்கு என்னக்கா கேடு? ஒரு நாளைக்கு ஆறு போன் போடுது. எட்டரை வண்டிக்கு வாங்க, எட்டே முக்கால் வண்டிக்கு வாங்கன்னு. நேத்து நான் சோறு திங்கும்போது, 'உங்களுக்காக வண்டி காத்திருக்கிறது'ங்குது!"

ஹெப்சிபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். போனில் அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலக்கா, அதுவா கண்டுபிடிச்சிருக்கு. கை குடுக்க வேண்டிய ஆள் ஒருத்தர் வண்டியில இருந்தா எல்லாருக்கும் கை நீளுது, இருபத்தினாலுல முடியுது. ஒருத்தரும் இல்லைன்னா பழையபடி அவங்கவங்க பை, அவங்கவங்க இடி, முப்பத்தேழு. அதனால இப்போ அந்த மாதிரி ஒரு ஆளாவது ஏறாம எந்தச் சிறுசையும் அது கிளப்பாது."

இது அன்போ யந்திரத்தின் காரியமோ, எனக்குத் தெரியாது. ஹெப்சிபாவுக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஜெய்லானிக்கு லீவு. கைலியோடு சிலைமான் டீக்கடைக்கு வந்தவன், பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். என் சிறுசு வந்து நின்றது. முப்பது பேர் ஏறினார்கள், எல்லாம் கல்லூரிப் பையன்களும் கணினிக் கம்பெனி ஆட்களும், ஓட விட்டால் வண்டியை முந்துகிற வயசு. கதவு மூடவில்லை. ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. ஒவ்வொருவராகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஜன்னல் வழியே தலையை நீட்டித் தெருவைத் தேடினார்கள். ஒருவன் பார்த்துவிட்டான்.

"அண்ணே! வாங்கண்ணே! சும்மா ஒரு நடை!"

"கையைக் குடுக்குறோம்ண்ணே, தூக்கிக்கிறோம்ண்ணே!" என்று முப்பது பேரும் சேர்ந்து கெஞ்சினார்கள். டை கட்டிய ஒருவர் கும்பிடவே செய்தார்.

ஜெய்லானி டம்ளரைத் தூக்கி, அவசரமே இல்லாமல் ஒரு தடவை ஊதினான்.

"பத்து மாசம் இந்த வண்டி ஏத்தாம நான் வீட்டுல உக்காந்திருந்தேன்ப்பா. நீங்க ஒரு டீ குடிக்கிற நேரம் நில்லுங்க."